பாட்டுப் பெட்டியின் இரண்டு சாவிகள்

2004 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் ஒரு வெள்ளைப் பெட்டியை அறிவித்தது. லேப்டாப் சார்ஜர் அளவுதான் இருக்கும். நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிடலாம். அடியில் ஹெட்ஃபோன் துளை மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு வயரை இழுத்து வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டீரியோவில் கொடுத்தால், உள்ளறைக் கணினியில் ஓடும் பாட்டு வைஃபை வழியாக வந்து கூடத்தில் கேட்கும். விலை 129 டாலர். பெட்டியின் பெயர் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ். பாட்டு அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஏர்டியூன்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பெட்டி ஐடியூன்ஸ் என்ற ஒரே மென்பொருளின் பேச்சைத்தான் கேட்கும். வின்ஆம்ப் வைத்திருப்பவர் அனுப்பினால் வாங்காது. லினக்ஸ் கணினிக்காரர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. வீடு உங்களுடையது, மின்சாரம் உங்களுடையது, பெட்டியும் காசு கொடுத்து வாங்கியது. ஆனால் உங்கள் கூடத்தில் இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்வது என்னவென்று உங்களுக்குத் தெரியக் கூடாது.

அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் வீட்டுச் சாதனங்கள் இவ்வளவு கமுக்கமாகப் பேசியதில்லை. ஆரம்ப காலத்தில் அவை ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசின. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் யூஜின் பாலி 1955இல் உருவாக்கிய ஃபிளாஷ்-மேட்டிக் ரிமோட் ஒரு டார்ச் லைட்தான். தொலைக்காட்சித் திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் செல்கள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ அந்த வேலை நடக்கும். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தாலும் நடக்கும் என்பதுதான் வம்பு. மறு ஆண்டே அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டுவிட்டு ஒலிக்கு மாறினார். அவருடைய ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். காதுக்கு எட்டாத உயர் சுருதியில் தண்டு அதிரும். தொலைக்காட்சி அதைக் கேட்டுச் சேனலை மாற்றும். சாவிக் கொத்தைக் குலுக்கினாலும் சில சமயம் மாற்றிவிடும்.

பிறகு வந்த அகச்சிவப்பு ரிமோட்டில் அந்தக் குழப்பம் போய்விட்டது. ஸ்டீரியோ, சிடி பிளேயர், டேப் டெக் எல்லாவற்றுக்கும் அதுவே வழியானது. ஆனால் ரகசியம் என்று அதிலும் எதுவும் இல்லை. ஜப்பானின் என்இசி நிறுவனம் வகுத்த முறையை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் ரிமோட்டின் மூக்கிலுள்ள விளக்கு விநாடிக்கு 38,000 தடவை மினுக்கும் வேகத்தில் 9 மில்லிவிநாடி எரியும். இது 'கவனி' என்று கை தட்டுவது போல. அடுத்து நாலரை மில்லிவிநாடி மௌனம். அதன்பின் 32 பிட்டுகள். எந்தச் சாதனத்துக்கு என்பதற்கு எட்டு, அதையே தலைகீழாக்கி எட்டு, என்ன வேலை என்பதற்கு எட்டு, அதையும் தலைகீழாக்கி எட்டு. சொன்னதையே மாற்றிச் சொல்லிச் சரிபார்க்கிற இந்தப் பழக்கம் மளிகைக் கடைக்காரர் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவது மாதிரி.

ஐரோப்பாவில் பிலிப்ஸ் வகுத்த ஆர்சி-5 முறைக்கு 14 பிட்டுகளே போதும். தொலைக்காட்சிக்கு எண் 0, சிடி பிளேயருக்கு 20. அதிலுள்ள ஒரு பிட் மட்டும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 0, 1 என்று மாறிக்கொண்டே இருக்கும். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கிறீர்களா, எடுத்து மறுபடி அழுத்தினீர்களா என்று சாதனம் இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஒலியைக் கூட்டும்போது பிடித்திருப்பது முக்கியம். 11 என்ற சேனலுக்குப் போகும்போது இரண்டு தடவை அழுத்துவது முக்கியம். யாரோ ஒரு பொறியாளர் கட்டைவிரலின் நடத்தையை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதைத் தவிர இதில் மறைப்பு ஒன்றும் இல்லை. கைப்பேசிக் கேமராவை ரிமோட்டின் முன் காட்டினால் பல கேமராக்களில் அது மினுக்குவதைப் பார்க்கலாம். ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று மெக்கானிக்குகள் பார்க்கும் வழியும் இதுதான். ஆப்பிளின் ஆரம்பக் கணினிகளை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், அங்கிருந்து வெளியேறிய பிறகு தொடங்கிய சிஎல் 9 நிறுவனத்தின் மூலம் 1987இல் கோர் என்ற ரிமோட்டைக் கொண்டுவந்தார். மற்ற ரிமோட்டுகளை அதன் எதிரே வைத்து அழுத்தினால் அவற்றின் பேச்சைக் கற்றுக்கொண்டு தானே பேசும். பத்து ஆண்டுகள் கழித்து லினக்ஸ்காரர்கள் அதே வேலையை மலிவாகச் செய்தார்கள். ஓர் அகச்சிவப்பு உணரி, கூடவே நாலைந்து உதிரிகள். கணினியின் சீரியல் போர்ட்டில் இவற்றை இணைத்து லிர்க் என்ற மென்பொருளை ஓட்டினால் போதும். அது ஒவ்வொரு பொத்தானாக அழுத்தச் சொல்லி, மினுக்கலின் நீளங்களை அளந்து, ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். அப்படி எழுதிய கோப்புகளை ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டதில் எத்தனையோ ரிமோட்டுகளின் அகராதி சேர்ந்துவிட்டது. நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் யுனிவர்சல் ரிமோட்டுகள் பிழைப்பதும் இதே வெளிப்படையான பேச்சால்தான்.

யாரும் இதைத் திருட்டு என்று சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு வெள்ளைப் பெட்டிக்குத் திரும்பலாம். அதற்கு முன் போட்டியாளர் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை.

ஆப்பிளுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2001இல், ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் ஸ்லிம்பி3 என்ற கருவியை விற்கத் தொடங்கியது. இதுவும் கணினியிலுள்ள பாட்டை நெட்வொர்க் வழியாக ஸ்டீரியோவுக்குக் கொண்டுவருவதுதான். ஆனால் இந்தக் கருவிக்குச் சொந்த மூளை கிட்டத்தட்டக் கிடையாது. ரிமோட்டில் நீங்கள் எதை அழுத்தினாலும் அந்த அகச்சிவப்பு எண்ணை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடும். என்ன செய்வது என்று கணினியிலுள்ள சர்வர் முடிவெடுத்து, திரையில் காட்ட வேண்டிய எழுத்துகளைக்கூட அனுப்பிவைக்கும். அந்தச் சர்வர் மென்பொருள் பெர்ல் மொழியில் எழுதப்பட்டு, மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்து கிடந்தது. ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2012இல் அந்த வரிசையையே நிறுத்தியது. 2024இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. சர்வரோ இன்றும் லிரியன் என்ற புதுப் பெயரில் ஆர்வலர்கள் கையில் வளர்கிறது.

ஆப்பிள் அப்படித் திறந்துவைக்கவில்லை. இருந்தும், ஏர்டியூன்ஸின் பேச்சில் பெரும்பகுதி யாரும் படிக்கும்படி வெறும் எழுத்தாகவே இருந்தது. நெட்வொர்க்கில் ஓடுவதைப் பதிவு செய்யும் சாதாரண மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரியும்: ஆர்டிஎஸ்பி என்ற பழைய, பொதுவான நெறிமுறையைத்தான் ஆப்பிள் கொஞ்சம் வளைத்துப் பயன்படுத்தியிருந்தது. 'அனௌன்ஸ்' என்றால் பாட்டு வரப்போகிறது. 'செட்டப்' என்றால் வழியைத் தயார் செய். 'ஃப்ளஷ்' என்றால் கையிலிருப்பதைக் கொட்டிவிடு. 'டியர்டவுன்' என்றால் கடையைக் கட்டு. பாடச் சொல்லும் கட்டளையின் பெயர் 'ரெக்கார்ட்'. அனுப்புகிறவர் பார்வையில் மறுமுனை பதிவு செய்துகொள்கிறது என்று அர்த்தம். ஒலியளவு டெசிபல் கணக்கில் போகும். 0 என்றால் முழுச் சத்தம், மைனஸ் 30 என்றால் மிகக் குறைவு. முற்றிலும் வாயை மூடச் சொல்ல வேண்டுமென்றால் மைனஸ் 144.

இவ்வளவும் படிக்க முடிந்தது. பாட்டை மட்டும் படிக்க முடியவில்லை. ஐடியூன்ஸ் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ஏஇஎஸ் சாவியை உருவாக்கிப் பாட்டைப் பூட்டியது. அந்தச் சாவியை ஆர்எஸ்ஏ முறையில் இன்னொரு தடவை பூட்டி அனுப்பியது. ஆர்எஸ்ஏயில் சாவிகள் இரட்டை. பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு வேறொன்று. பூட்டும் பொதுச்சாவி ஐடியூன்ஸுக்குள் இருந்தது. திறக்கும் தனிச்சாவி சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது. அதாவது கணினியைத் துருவினால் ஒரு பாதிதான் கிடைக்கும். மறுபாதிக்குப் பெட்டியையே உடைக்க வேண்டும்.

முதல் பாதியை எடுத்தவர் நார்வேயைச் சேர்ந்த ஜான் லெக் யோஹான்சன். இந்தப் பெயர் அப்போதே உலகம் அறிந்தது. 1999இல், 15 வயதில், டிவிடிகளின் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்டு நீதிமன்றம் வரை போனவர். 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலை. தான் வாங்கிய டிவிடியைத் தன் வீட்டில் பார்ப்பது குற்றமா என்பதுதான் அந்த வழக்கின் சாரம். வழக்கிலிருந்து வெளியே வந்த எட்டாவது மாதம், 2004 ஆகஸ்டில், அவர் ஐடியூன்ஸிலிருந்த பொதுச்சாவியை எடுத்து வெளியிட்டார். கூடவே ஜஸ்டிபோர்ட் என்ற சிறு நிரல். இனி ஐடியூன்ஸ் இல்லாமலே வெள்ளைப் பெட்டியில் பாட்டுப் போடலாம்.

போடலாம்தான். ஆனால் ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற வடிவிலுள்ள பாட்டை மட்டும். பெட்டிக்குப் புரிந்தது அந்த வடிவம்தான், அதன் உள்ளமைப்பையும் ஆப்பிள் வெளியே சொல்லியிருக்கவில்லை. ஆகவே பூட்டுக்குப் பின்னால் இன்னொரு பூட்டு. 2005இல் டேவிட் ஹாமர்டன் அந்த வடிவத்தைப் பிரித்துப் படித்து, அதை விரிக்கும் நிரலை வெளியிட்டார். அதிலிருந்து ஒரு குறுக்குவழியும் தெரியவந்தது. சுருக்க முடியாத ஒலித்துண்டு வந்தால் அதைச் சுருக்காமலே அனுப்ப அந்த வடிவத்தில் இடம் விட்டிருந்தார்கள். அப்படியானால் எம்பி3யோ வேறு எதுவோ, விரித்த ஒலியை அப்படியே எடுத்து, மேலே ஆப்பிள் லாஸ்லெஸ் முத்திரையைக் குத்தி அனுப்பிவிடலாமே! பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. சுருக்கும் கணக்கை முழுதாகக் கற்காமலே சுருக்கியதாக நடித்த இந்த உத்தியை லினக்ஸ் நிரல்கள் சில பல காலம் வைத்துக்கொண்டிருந்தன. ஆப்பிள் 2011 அக்டோபரில் அந்த வடிவத்தின் மூல நிரலைத் தானே திறந்து வைத்தது. அதற்குள் அது ரகசியமாக இல்லாமல் போய் வெகு நாளாகிவிட்டது.

மறுபாதிச் சாவிக்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் திறமைக் குறைவு என்று தோன்றவில்லை. ஏர்டியூன்ஸ் காலத்தில் அனுப்புகிறவர் கணினிக்காரர் மட்டுமே. அவருக்குத் தேவைப்பட்டது முதல் சாவிதான். வெள்ளைப் பெட்டியைப் போல நடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு வரவில்லை. 2010இல் ஆப்பிள் இந்த ஏற்பாட்டுக்கு ஏர்பிளே என்று பெயர் மாற்றி, நவம்பரில் ஐஃபோனுக்கும் ஐபேடுக்கும் கொடுத்தது. அனுப்பும் கருவி எல்லோர் சட்டைப்பையிலும் வந்துவிட்டது. வாங்கும் பெட்டிதான் இப்போது எல்லோருக்கும் வேண்டும். அதை ஆப்பிளோ, ஆப்பிளிடம் உரிமம் பெற்றவர்களோதான் செய்ய முடியும்.

ஜேம்ஸ் லேர்ட் என்ற நிரலாளர் 2011 ஏப்ரலில் ஷேர்போர்ட் என்ற நிரலை வெளியிட்டபோது, அதைச் செய்யப் புகுந்த காரணத்தையும் எழுதியிருந்தார். காரணம் மிகச் சாதாரணம். அவருடைய காதலி வீடு மாறினார். புது இடத்து வைஃபையோடு அவருடைய ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ஒத்துப்போகவில்லை. அந்தப் பெட்டியாக நடிக்கும் மென்பொருள் ஏதாவது இருக்கும் என்று தேடியிருக்கிறார். இல்லை. தனிச்சாவி உள்ளே ஒளிந்திருப்பதுதான் தடை என்று தெரிந்ததும் பெட்டியையே பிரிக்க உட்கார்ந்துவிட்டார். அது திருகாணி போட்டு மூடிய பெட்டி கிடையாது. பசை வைத்து ஒட்டியது. அதைத் திறந்ததில் ஏற்பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது என்று அவரே வேடிக்கையாகக் குறிப்பிட்டார். உள்ளேயிருந்த நினைவகச் சிப்பை முழுதாகப் படியெடுத்து, அந்தக் குவியலில் 2048 பிட் நீளமுள்ள தனிச்சாவியைத் தேடிப் பிடித்தார்.

அந்தச் சாவிக்கு இரண்டு வேலை. ஒன்று, பூட்டி வரும் பாட்டைத் திறப்பது. மற்றொன்று இன்னும் சுவாரஸ்யமானது. பேச்சைத் தொடங்கும்போதே அனுப்புகிறவர் 'நீ நிஜமான பெட்டிதானா' என்று கேட்டு ஓர் எண்ணை வீசுவார். பெட்டி அந்த எண்ணோடு தன் நெட்வொர்க் முகவரிகளையும் சேர்த்து, தனிச்சாவியால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கையெழுத்து சரியென்றால்தான் பாட்டு. லேர்டின் நிரல் இப்போது அச்சு அசலாகக் கையெழுத்திட்டது.

ஆப்பிளால் சாவியை மாற்ற முடியாதா என்று கேட்கலாம். மாற்றினால், அதுவரை விற்ற பெட்டிகளெல்லாம் புதுச்சாவி ஏறும்வரை ஊமையாகிவிடும். சாவி ஒன்று, பூட்டு லட்சக்கணக்கில் என்ற ஏற்பாட்டின் பலவீனம் இதுதான். ஒரே சாவியை எல்லா வீட்டுக்கும் கொடுத்தவர், ஏதோ ஒரு வீட்டில் அது வெளியே போகும் நாளையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

2012இல் ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினி வந்ததும் இந்த நிரலுக்கு வீடுகளில் நிரந்தர இடம் கிடைத்தது. பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒரு பை, அதில் ஷேர்போர்ட். ஆனால் இரண்டு அறைகளில் இரண்டு பைகளை வைத்தவர்கள் விரைவிலேயே ஒரு தொல்லையைக் கண்டார்கள். முதல் பாட்டில் சேர்ந்து பாடிய இரு அறைகளும் பத்தாவது பாட்டில் கோயில் மண்டபம் போல எதிரொலித்தன. ஒலியை நொடிக்கு 44,100 துண்டாக வாசிக்க வேண்டிய படிகக் கடிகாரங்கள் இரண்டு ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகினாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். காது அதைப் பொறுக்காது.

ஷேர்போர்ட்டிலிருந்து கிளைத்த ஷேர்போர்ட் சிங்க் இதற்குச் செய்த வைத்தியம் அழகானது. எந்தத் துண்டு எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்று அனுப்புகிறவர் இரண்டு விநாடி முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நிரல் தன் கடிகாரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பின்தங்கினால் ஒரு துண்டைத் தூக்கிப் போடும், முந்தினால் ஒன்றைக் கூடுதலாகச் செருகும். மேலே சொன்ன பிசகுக்கு விநாடிக்கு இரண்டு மூன்று துண்டு போதும். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. பூட்டை உடைத்ததைவிட இந்த வேலைதான் நுட்பமானது என்பேன். பத்திரிகைகளில் செய்தியானது என்னவோ பூட்டு உடைந்ததுதான்.

சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டம் டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தடை செய்துவிட்டு, நிரல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்காகச் செய்யும் ஆய்வுக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் மென்பொருள் ஆணை 1991 முதலே அந்த நோக்கத்துக்கு நிரலைப் பிரித்துப் படிப்பதை அனுமதிக்கிறது. இந்தியாவும் 1999இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, சட்டப்படி வைத்திருப்பவர் இதே காரணத்துக்காக வேண்டிய தகவலை எடுப்பது மீறல் ஆகாது என்று எழுதி வைத்தது. இது இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

பூட்டே போடாமல் பேசியவர்களின் கதையும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம். சோனோஸ் நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் யுபிஎன்பி என்ற பொது நெறிமுறையில், 1400ஆம் எண் வாசலில், மறையாக்கம் இல்லாமல் பேசின. ஆர்வலர்கள் அதைக் கேட்டு எழுதியெடுத்து, சோகோ என்ற பைத்தான் நூலகம் முதல் பலவகை மாற்றுச் செயலிகள் வரை செய்தார்கள். அது அன்று வெறும் பொழுதுபோக்காகத் தெரிந்திருக்கும். 2024 மே மாதம் சோனோஸ் தன் செயலியைத் தலைகீழாக மாற்றி எழுதி வெளியிட்டது. தூங்கும்நேர டைமர், அலாரம் போன்ற வசதிகளே காணாமல் போய், வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் 2025 ஜனவரியில் பதவி விலகினார். அந்த மாதங்களில், பழைய பேச்சைக் கற்றுவைத்திருந்த வெளியார் செயலிகளைத் தேடிப் போனவர்கள் உண்டு. ஸ்பீக்கர் மாறவில்லை, அதன் மொழியும் மாறவில்லை. அந்த மொழியைப் பேச யாராவது கற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்பிள் 2018 ஏப்ரலில் ஏர்போர்ட் வரிசையையே நிறுத்தியது. மே மாதம் ஏர்பிளே 2 வந்தது. ஆகஸ்டில், விற்பனை நின்ற பிறகு, யாரும் எதிர்பாராமல் 2012ஆம் ஆண்டு மாடல் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸுக்கு மட்டும் ஏர்பிளே 2 வசதியை ஒரு ஃபர்ம்வேராக அனுப்பிவைத்தது. அதற்கு முந்தைய, சுவரில் செருகும் வெள்ளைப் பெட்டிகளுக்கு அது வரவில்லை. அவை பழைய பேச்சோடேயே நின்றுவிட்டன.

அந்தப் பழைய பேச்சின் தனிச்சாவியை இன்று பார்க்க விரும்புகிறவர் எந்தப் பெட்டியையும் உடைக்க வேண்டியதில்லை. ஷேர்போர்ட்டின் மூல நிரலைத் திறந்தால், புரியாத எழுத்துகள் வரி வரியாக அடுக்கப்பட்ட ஒரு பத்தி இருக்கும். யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம். நிரலில் அதற்கு வைத்திருக்கும் பெயர்: சூப்பர் சீக்ரெட் கீ.